ஸ்டோர் ரூம்ல 22 கம்ப்யூட்டர், உங்க பையில ஒரு லேப்டாப்

இந்தத் தடவை எடுத்துக்கிட்ட கடிதம் நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வடக்க ஒரு டிவெட் காலேஜ்ல, அதாவது அரசு தொழிற்கல்வி காலேஜ்ல, எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிற ஒரு தம்பியோடது. பேரு, கேம்பஸ் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆள அடையாளம் தெரியாம இருக்க ரெண்டு மூணு விவரத்த மாத்தியும் வெச்சிருக்கேன். அவருக்கு நாள் கெடு இருந்ததால தனியா பதில் அனுப்பியாச்சு, ஆனா இதே கதைய வேற வேற வாயில இருந்து நான் நாலஞ்சு தடவையாவது கேட்டிருக்கேன், அதனால அவர் சம்மதத்தோட இங்கயும் போடுறேன்.

கதை இதுதான். 14 மாசத்துக்கு முன்னாடி ஒரு ஷிப்பிங் கம்பெனி தன் ஆபீஸ்ல பயன்படுத்துன 22 கம்ப்யூட்டர இந்த காலேஜுக்கு தானமா குடுத்துச்சு, பேசி வாங்கினதே இந்த தம்பிதான். அன்னைக்கு பக்கி வண்டியில (பிக்கப்) ஏத்தி வந்து ஸ்டோர் ரூம்ல இறக்குனதோட சரி, பெட்டி இன்னும் பிரிக்கல. கேம்பஸ் மேனேஜர்கிட்ட கேட்டா கவுன்சில் முடிவு வரணும்ங்கறாரு, ஹெட் ஆபீஸ்ல கேட்டா கேம்பஸ்ல இருந்து ஃபைலே வரலைங்கறாங்க. 27 வருஷ சர்வீஸ் உள்ள ஒரு சீனியர் லெக்சரர், யூனியனோட கேம்பஸ் பிரதிநிதியான ஷாப் ஸ்டீவர்டும் அவர்தான், "இது என் வேலை விவரத்துலயே இல்ல, நாளைக்கு இந்தப் பெட்டியே பாடம் எடுக்கும், நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்லயே சொல்லிட்டாரு, கூட ஆறேழு பேர் அவர் பக்கம். பொறுத்துப் பார்த்த தம்பி வீட்ல சொந்த லேப்டாப்ல அட்டெண்டன்ஸும் மார்க்கும் போடுற ஒரு ப்ரோக்ராம எழுதி, தன்னோட மூணு கிளாஸ் பசங்க விவரத்த ஐடி நம்பரோட ஏத்தி, சொந்த கூகுள் டிரைவ்ல வெச்சு ஓட்ட ஆரம்பிச்சிட்டாரு. அது மேனேஜர் காதுக்குப் போயி, "அஞ்சு வேலை நாளுக்குள்ள விளக்கம் குடு"ன்னு லெட்டர் வந்திருக்கு. அவர் கேள்வி அஞ்சு: சனிக்கிழமை நானே போயி பெட்டியப் பிரிச்சு மாட்டிடலாமா, மாட்டேன்னு சொல்றவங்க மேல நடவடிக்கை எடுக்க வைக்கலாமா, என் ப்ரோக்ராம காலேஜுக்கே விக்கலாமா, என்னை வேலைய விட்டுத் தூக்க முடியுமா, பேப்பர்ல போட்டுக் குடுத்தா என்ன.

தம்பி, உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். நாலு பக்கத்துல மூணேகால் பக்கம் மத்தவங்க எவ்வளவு பிற்போக்குன்னு எழுதியிருக்கீங்க, உங்க லேப்டாப் விஷயம் கடைசி பக்கத்துல ரெண்டு வரியில வருது. வக்கீலா எனக்கு அந்த ரெண்டு வரிதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு. அதனால நீங்க கேட்ட வரிசைய விட்டுட்டு என் வரிசையில சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல உங்க பையில இருக்கிறது

நம்ம நாட்டு ஐடி நம்பர் 13 இலக்கம். மொத ஆறு பிறந்த தேதி, அடுத்த நாலுல ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் வர்ற ஒரு இலக்கம் குடிமகனா இல்லையான்னு சொல்லும். அதாவது நீங்க வெறும் நம்பர்னு நெனச்சு ஏத்துனது ஒவ்வொரு பசங்களோட பாதி ஜாதகம். பேரும் மார்க்கும் கூட சேர்ந்தா கேக்கவே வேணாம். இத காப்பாத்தத்தான் போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-ன் 4-ம் நம்பர், 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு. அதுல பொறுப்பாளின்னு சட்டம் பார்க்கிறது உங்கள இல்ல, காலேஜ. அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரைக்கும் போகலாம். சும்மா காகிதத்துல இருக்கிற பூச்சாண்டின்னு நெனைக்காதீங்க, 2023-ல நீதித்துறை இலாகாவுக்கே 5 மில்லியன் ராண்ட் போட்டாங்க, 2021-ல அவங்க சிஸ்டத்த ஹேக் பண்ணப்போ பார்த்தா ஆன்ட்டிவைரஸ் லைசென்ஸ புதுப்பிக்கவே இல்லன்னு தெரிஞ்சது, சரி பண்ணுங்கன்னு இந்தச் சட்டத்த கண்காணிக்கிற ரெகுலேட்டர் சொன்னதையும் நேரத்துக்குச் செய்யல. சட்டத்த நடத்துற இலாகாவுக்கே அந்த கதி. உங்க மேனேஜர் "அனுமதி இல்லாத வேலை"ன்னு கத்தினதுல பொறாமை மட்டும்தான் இருக்குன்னு நீங்க நெனைக்கிறீங்க, எனக்கு அப்படித் தோணல, அந்த மனுஷனுக்கு நெஜமாவே பயம் இருக்கலாம்.

அடுத்தது, பயந்துபோயி ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் அழிச்சிடாதீங்க! இத தடிச்ச எழுத்துல படிங்க. விளக்கம் கேட்டு லெட்டர் வந்தப்புறம் அழிச்சா ஏதோ மறைக்கப் பார்த்தாருன்னுதான் விசாரணையில வரும், உங்ககிட்ட நல்ல எண்ணம் இருந்ததுக்கான சாட்சியும் அதோடயே போயிடும். இன்னைக்கே செய்ய வேண்டியது வேற: புதுசா எதையும் ஏத்தாதீங்க, டிரைவ்ல யாருக்காவது ஷேர் குடுத்திருந்தா எடுத்துடுங்க, பாஸ்வேர்ட மாத்தி ரெண்டாவது சரிபார்ப்பு போடுங்க, அப்புறம் காலேஜோட இன்ஃபர்மேஷன் ஆபீசருக்கு, அதாவது இந்தச் சட்டப்படி தகவலுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு, எழுதுங்க, "இந்த விவரம் இந்த இடத்துல இருக்கு, இத்தனை பேரோடது, என்னைத் தவிர யாரும் பார்க்கல, இத எங்க மாத்தணும், எப்ப அழிக்கணும்னு சொல்லுங்க"ன்னு. சொந்த டிரைவ்ல இருந்ததாலயே அது தகவல் கசிவு ஆயிடாது, வேற யாரோ பார்த்திருக்காங்கன்னு நம்ப காரணம் இருந்தாத்தான் ரெகுலேட்டருக்கும் பசங்களுக்கும் தெரிவிக்கிற கட்டம் வரும். அந்த முடிவும் உங்களோடது இல்ல, ஆபீசரோடது.

விளக்க லெட்டர் ஒரு பக்கம் போதும். என்ன செஞ்சேன், எதுக்கு செஞ்சேன், எப்ப நிறுத்தினேன், இப்ப காலேஜ் சொல்றபடி நடக்கத் தயார். அவ்வளவுதான். மேனேஜரப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், 22 பெட்டியப் பத்தியும் வேணாம், உங்க ஆதங்கத்த என்கிட்ட கொட்டியாச்சுல்ல, அது போதும். ஈமெயில்ல அனுப்பி, காகிதத்துலயும் குடுத்து, வாங்கினதுக்கு சீல் போட்ட காப்பி ஒண்ணு கையில வெச்சுக்குங்க.

பெட்டிய நீங்களே பிரிக்கலாமா

கூடாது. கம்பெனி தானம் பண்ணது காலேஜுக்கு, உங்களுக்கு இல்ல. அசெட் ரெஜிஸ்டர்ல ஏறாத பொருள் காணாமப் போனா இன்ஷூரன்ஸ் திரும்பிக்கூட பார்க்காது, நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் லேப்னா திருடன் எப்படி வருவான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அன்னைக்கு கடைசியா சாவி வெச்சிருந்தவர் யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அப்புறம், எலெக்ட்ரிக்கல் வாத்தியாருக்கு நான் பாடம் எடுக்கக்கூடாதுதான், ஆனாலும் சொல்றேன், 22 மெஷின ஒரு பழைய கிளாஸ் ரூம் ப்ளக் பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டப் பார்த்தீங்கன்னா, புதுசா லைன் போட்டதுக்கு பதிவு பெற்ற ஆள் குடுக்கிற இணக்க சர்டிபிகேட் இல்லாம ஒரு பசங்களுக்கு ஷாக் அடிச்சா அந்த சனிக்கிழமை உற்சாகத்த எந்த கோர்ட்டும் மெச்சாது.

ஆனா 14 மாசம் சும்மா கெடக்குதே, அதுக்கு என்ன வழின்னா, நீங்க இதுவரைக்கும் எல்லார்கிட்டயும் கேட்டது "எப்ப ஆரம்பிப்பீங்க"ன்னு. அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. கேள்விய மாத்துங்க: "எந்தக் கையெழுத்து பாக்கி இருக்கு?" இத மேனேஜர்கிட்ட எழுத்துல கேளுங்க, பிரின்சிபாலுக்கு ஒரு காப்பி. இந்த மாதிரி ஃபைல் எதுவுமே ஒரு வில்லன் கையில மாட்டி நிக்கிறதில்ல, நான் பார்த்த வரைக்கும் ஏதோ ஒரு சின்ன காகிதம் இல்லாம நிக்கும். உங்க விஷயத்துல என் ஊகம், கீழ சொல்ற மூணுல ஒண்ணோ ரெண்டோ இல்ல. ஒண்ணு, தானம் யாருக்கு, எத்தனை, என்ன நெலமையிலன்னு கம்பெனி குடுத்த லெட்டர். ரெண்டு, ஹார்ட் டிஸ்க்க சுத்தமா அழிச்சிட்டோம்னு அவங்க குடுக்கிற உறுதி, ஏன்னா அந்தப் பெட்டிக்குள்ள கம்பெனியோட பழைய கஸ்டமர் விவரம் இருந்தா அந்தத் தலைவலியும் உங்க காலேஜுக்கு வந்து சேரும். மூணு, ரூமுக்கு கம்பியும் அலாரமும் இருக்கா, கரண்ட் தாங்குமா, லோட் ஷெடிங், அதான் முறை வெச்சு கரண்ட் கட் பண்றது, திரும்ப வந்தா மெஷின் செத்துப்போகாம இருக்க என்ன ஏற்பாடுன்னு ஒரு பக்கக் குறிப்பு. மூணையும் நீங்களே தயார் பண்ணிக் குடுக்கலாம், அதுக்கு யார் அனுமதியும் வேணாம்.

அத எங்க குடுக்கணும்? உங்க காலேஜ் தொடர்கல்வி, பயிற்சிச் சட்டம், 2006-ன் 16-ம் நம்பருக்குக் கீழ நடக்குது, அதுல கவுன்சில், அகாடமிக் போர்டு, மாணவர் மன்றம் மூணும் இருக்கு. நீங்க இதுவரைக்கும் போகாத கதவு அகாடமிக் போர்டு. மேனேஜர் தலைக்கு மேல ஏறிப் போற மாதிரி இல்லாம, பாடம் சம்பந்தப்பட்ட விஷயமா அங்க வெச்சா அது முறையா கவுன்சிலுக்குப் போகும். மாணவர் மன்றப் பிரதிநிதிகளும் கவுன்சில்ல உக்காருறாங்க, அந்தப் பசங்க வாயால "எங்களுக்கு லேப் எங்க"ன்னு வந்தா அதுக்கு இருக்கிற பலமே வேற. நீங்க தூண்டி விட்டீங்கன்னு மட்டும் வரக்கூடாது, பார்த்துக்குங்க.

குறிப்புல ரெண்டு விஷயம் கண்டிப்பா போடுங்க. எலெக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் சட்டம், 2005-ன் 36-ம் நம்பர், 73-ம் பிரிவுல, அரசு பள்ளிக்கும் உங்கள மாதிரி அரசு காலேஜுக்கும் இன்டர்நெட் கட்டணத்துல குறைஞ்சது 50 சதவீதம் தள்ளுபடி குடுக்கணும்னு இருக்கு. இது தெரியாம முழுக் காசு கட்டுறவங்க உண்டு, பட்ஜெட் இல்லன்னு சொல்றவர் வாய அடைக்க இது ஒண்ணு. இன்னொண்ணு, தாமதத்துக்கு விலை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, ஆபீஸ்ல அடிச்சுப் பழகின பழைய மெஷின் பலதுல 11 ஏறாது. அப்ப லினக்ஸ்தான். அதுல ஒரு வகையான உபுண்டு 2004-ல நம்ம நாட்டு மார்க் ஷட்டில்வொர்த் ஆரம்பிச்சு வெச்சது, பேரே ஸூலு பாஷையில இருந்து வந்தது, கேப் பக்கம் பள்ளிகள்ல அவரோட அறக்கட்டளை லினக்ஸ் லேப் போட்டுக் குடுத்திருக்கு. லைசென்ஸ் காசே இல்ல. கவுன்சில்ல ஸூலு பேசுற பெரியவங்க இருந்தா அந்தப் பேரச் சொல்லி ஆரம்பிங்க, சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க.

மாட்டேன்னு சொல்ற சீனியர்

சட்டத்த மொதல்ல சொல்லிடுறேன், அது உங்க பக்கம்தான் இருக்கு, ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. 1984-ல இங்கிலாந்துல வருமான வரி ஆபீஸ் கிளார்க்குகள் இதே சண்டைய கோர்ட்டுக்குக் கொண்டுபோனாங்க. பேனாவும் பேப்பருமா பார்த்த வேலைய கம்ப்யூட்டருக்கு மாத்தினது எங்க ஒப்பந்தத்த மீறுனதுன்னு வாதம். தோத்துட்டாங்க. வேலை அதே வேலைதான், செய்யுற விதம்தான் மாறியிருக்கு, அதுக்கு ஊழியர் பழகிக்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல, பழகத் தேவையான பயிற்சிய முதலாளி குடுத்தாகணும்னும் இருக்கு. இங்க நம்ம லேபர் அப்பீல் கோர்ட்டும் 1995-ல, ஒரு மெஷின் ஓட்டுனவங்கள ரெண்டு மெஷின் ஓட்டச் சொன்ன வழக்குல, சேர்ந்த அன்னைக்கு இருந்த மாதிரியே வேலை கடைசி வரைக்கும் மாறாம இருக்கணும்ங்கிற உரிமை யாருக்கும் இல்லைன்னு இதே வழியிலதான் போச்சு.

ஆகவே "வேலை விவரத்துல இல்ல"ங்கிற பேச்சு நிக்காது. ஆனா பயிற்சியே குடுக்காம, லேப்பே திறக்காம, யார் மேல நடவடிக்கை எடுக்கிறது? அதுவும் ஷாப் ஸ்டீவர்ட் மேல கை வெச்சா விஷயம் கம்ப்யூட்டர விட்டு யூனியன் உரிமைக்குப் போயிடும், அப்புறம் உங்க 22 பெட்டியும் பென்ஷன் வாங்குற வரைக்கும் ஸ்டோர் ரூம்லதான். தவிர நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, நீங்க அவருக்கு மேலதிகாரி இல்ல.

அவர் பயப்படுறது நெஜமாவே வேலை போயிடும்னா? வேலைக்குறைப்புன்னா லேபர் ரிலேஷன்ஸ் சட்டம் 189-ம் பிரிவுப்படி முன்கூட்டியே யூனியனோட உக்காந்து பேசியாகணும், அது ஷாப் ஸ்டீவர்டுக்கு என்னை விட நல்லாவே தெரியும். அதனால பயம் வேற எங்கயோ இருக்கு. என் கதைய சொல்றேன். 2020-ல ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற கௌடெங் மாகாண ஹைகோர்ட்ல ஃபைல் எல்லாம் கேஸ்லைன்ஸ்னு ஒரு ஆன்லைன் சிஸ்டத்துக்குப் போச்சு, எனக்கு அப்ப 53 வயசு, ஜோஹன்னஸ்பர்க்ல ஒரு கேஸ். கட்சிக்காரர் பக்கத்துல உக்காந்திருக்க, என் ஜூனியர் பொண்ணு, 24 வயசு, "அக்கா இங்க இல்ல, அங்க க்ளிக் பண்ணுங்க"ன்னு மூணு தடவை சொல்லிச்சு. பாவம் அது தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் அந்த சிஸ்டம் சரியில்ல, வேகமில்ல, பாதுகாப்பில்லன்னு நான் பேசாத இடமில்ல. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அதே பொண்ணு டீ போட்டுக் கொண்டாந்து கதவ சாத்திட்டு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்துச்சு, அதோட என் ஆட்சேபணை எல்லாம் தீர்ந்துபோச்சு. 27 வருஷமா கரும்பலகை முன்னாடி ராஜாவா நின்ன மனுஷன், 18 வயசு பசங்க முன்னாடி மவுஸ் பிடிக்கத் தடுமாறணும்னா மாட்டேன்னுதான் சொல்லுவாரு. நீங்க ஸ்டாஃப் மீட்டிங்ல ப்ரொஜெக்டர் போட்டு டெமோ காட்டினதா எழுதியிருந்தீங்களே, அன்னைக்குத்தான் அவர நீங்க இழந்தீங்கன்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணும் இருக்கு. 2004-ல அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை விட்டுச்சு, 2013-க்குள்ள நாட்டுல ஒவ்வொரு மாணவனுக்கும் கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்கணும்னு. அவர் அத வேலைக்குச் சேர்ந்த புதுசுல கேட்டிருப்பாரு, கைதட்டியும் இருப்பாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்க ஸ்டோர் ரூம்லயே தெரியுது. புதுசா ஒரு தம்பி வந்து அதே பாட்டப் பாடும்போது அவருக்கு ஆர்வம் எங்க இருந்து வரும்.

அவர்கிட்ட தனியா போங்க. "அண்ணே, பயிற்சி வேலை நேரத்துலயே நடக்கணும், பசங்க இல்லாதப்போ நடக்கணும், தப்பு பண்ணா ரிப்போர்ட் எழுதக்கூடாது, இத யூனியன் சார்பா நீங்க கேளுங்க, நான் பின்னாடி நிக்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. அந்த 1984 தீர்ப்போட ரெண்டாவது பாதி அவரோட ஆயுதம், அத நீங்களே எடுத்து அவர் கையில குடுங்க. பயிற்சி கேட்டு எழுதுறவர், லேப் வேணாம்னு அப்புறம் சொல்ல முடியாது பாருங்க. இது கொஞ்சம் குசும்புதான், ஆனா ரெண்டு பேருக்கும் நல்லது.

அந்த ப்ரோக்ராம் யாரோடது

இதுல உங்களுக்கு ரொம்ப நம்பிக்கை, "என் லேப்டாப், என் வீடு, என் ஞாயித்துக்கிழமை, அதனால என்னோடது"ன்னு. அப்படியில்ல. 1978 காப்பிரைட் சட்டம் 21-ம் பிரிவு, வேலையோட பாகமா உருவாக்குனது முதலாளிக்குச் சொந்தம்ங்குது. இங்க வானிலை ஆபீஸ்ல இருந்த ஒருத்தர் இதே மாதிரி வீட்ல உக்காந்து, வேலைக்கு உதவட்டும்னு விவரம் சேர்க்கிற ப்ரோக்ராம்லாம் எழுதினாரு, அப்புறம் என்னோடதுன்னு கேஸ் போட்டாரு, 2008-ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் வரைக்கும் போயி தோத்தாரு. எங்க உக்காந்து எழுதினாரு, எத்தன மணிக்கு எழுதினாருங்கிறது மட்டும் போதாது, வேலையோட எவ்வளவு ஒட்டியிருந்துச்சுங்கிறதத்தான் பார்த்தாங்க. உங்க பக்கம் வாதமே இல்லைன்னு சொல்ல மாட்டேன், நீங்க வயரிங் சொல்லிக் குடுக்கத்தான் சேர்ந்தீங்க, சாஃப்ட்வேர் எழுத இல்ல. ஆனா அட்டெண்டன்ஸும் மார்க்கும் உங்க வேலை, அதுக்கு எழுதினது, அதனால பந்தயம் கட்டினா நான் உங்க மேல கட்ட மாட்டேன்.

விக்கிறத சுத்தமா மறந்துடுங்க. டிவெட் லெக்சரருங்க 2015-ல இருந்து உயர்கல்வி இலாகா ஊழியர்கள், அரசு ஊழியர் அரசோட வியாபாரம் பண்றத 2014-ன் 11-ம் நம்பர் சட்டம் கிரிமினல் குற்றமாவே வெச்சிருக்கு. கூட இருக்கிற யாரோ "மனைவி பேர்ல கம்பெனி போட்டு விக்கலாம்"னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அவர்கிட்ட இனிமே யோசனை கேக்காதீங்க. ப்ரோக்ராம காலேஜுக்கு இலவசமா குடுத்து, எழுதினவர் நீங்கன்னு ஒரு வரி பதிவு பண்ணச் சொல்லுங்க, ப்ரமோஷன் நேரத்துல அந்த வரி பேசும்.

பேப்பர், கோர்ட், வேலை

பேப்பருக்குப் போனா 2000-ன் 26-ம் நம்பர் தகவல் வெளிப்படுத்துவோர் சட்டம் காப்பாத்தும்னு நம்புறீங்க. அந்தச் சட்டம் குற்றத்தையோ முறைகேட்டையோ நல்லெண்ணத்தோட சொல்றவங்களுக்கு, அதுலயும் மீடியாவுக்கு நேரா போறதுக்கு நிபந்தனை ரொம்ப இறுக்கம். ஃபைல் மெதுவா நகருதுங்கிறது முறைகேடு ஆகாது. மெஷின யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனாங்கன்னு ஆதாரம் இருந்தா அது வேற பேச்சு, ஆனா உங்க கடிதத்துல அப்படி எதுவுமில்ல. காலேஜ் பதிலே தரலைன்னா தகவல் கேக்கிற சட்டத்துல விண்ணப்பம் போடலாம், 30 நாள்ல பதில் சொல்லணும். ஆனா அது கடைசி வழி, இப்பவே அத நீட்டினா உங்கள எதிராளின்னுதான் பார்ப்பாங்க.

வேலை போகுமா? மொதத் தப்பு, கெட்ட எண்ணம் இல்ல, யாருக்கும் நஷ்டம் இல்ல, நான் சொன்னபடி நீங்களே முன்வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, இந்த நெலமையில எழுத்து எச்சரிக்கையோட முடியறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். விசாரணைன்னு கூப்பிட்டா கூட ஒரு யூனியன் ஆளையோ சக ஊழியரையோ வெச்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, வெளி வக்கீல பொதுவா உள்ள விட மாட்டாங்க, அதனால என்னை எதிர்பார்க்காதீங்க. (உங்க யூனியன் ஆள் யாருன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா? அதே சீனியர்தான்.) பணி நீக்கம் பண்ணா 30 நாளுக்குள்ள, அநியாயமா எச்சரிக்கையோ வேற தண்டனையோ குடுத்தா 90 நாளுக்குள்ள கல்வித்துறை ஊழியர் தகராறப் பார்க்கிற இ.எல்.ஆர்.சி. கவுன்சில்ல மனு போடணும். இந்த ரெண்டு நம்பர எங்கயாவது எழுதி வெச்சுக்குங்க, நாள் தவறிப்போச்சுன்னு வந்து நிக்கிறவங்கள மாசத்துக்கு ஒருத்தராவது பார்க்கிறேன்.

விளக்க லெட்டர் வரைவ வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள எனக்கு அனுப்புங்க, ரெண்டு மணிக்கு மேல கோர்ட்ல இருப்பேன். கூடவே கம்பெனி அன்னைக்கு குடுத்த டெலிவரி நோட் இருந்தா அதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, அதுல வாங்கினவர்னு யார் கையெழுத்து இருக்குன்னு எனக்குப் பார்க்கணும். அது உங்க கையெழுத்தா இருந்தா மேல சொன்னதுல ரெண்டு வரிய மாத்தி எழுத வேண்டியிருக்கும்.